எட்டாவது இலை

வாத்தியார் தன் கல்யாண போட்டோவைப் நகைப் பட்டறைக்காரியின் மேஜையில் வைத்தார். அதில் அவர் மனைவியின் விரலில் இலைக்கொடி செதுக்கிய வெள்ளி மோதிரம்.

"பத்திரமா வைங்கன்னு கழட்டிக் குடுத்துட்டு ஊருக்குப் போனா. கழுவி வைக்கலாம்னு போய் சாக்கடைல விட்டுட்டேன். திங்கட்கிழமை வந்துடுவா. அச்சு அசலா இதே வேணும்மா. இம்மி பிசகினாலும் கண்டுபிடிச்சிடுவா."

பட்டறைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். விரல் அளவைக்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர், லென்ஸை வாங்கி இலைகளை எண்ணினார். முகம் தொங்கிப்போனது.

"எட்டு இருக்கே. போட்டோல ஏழுதானே?"

"எட்டுதான் சார் சரி. கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க. மாட்டிக்கிட்டா என்னை வந்து கேளுங்க."

அவர் அரைமனதாகக் கிளம்பினார்.

பட்டறைக்காரி அந்த மோதிரத்தின் பழைய வரைபடத்தை இழுப்பறைக்குள் திருப்பி வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே போட்டோவோடு ஓடிவந்தது அவர் மனைவி. தொலைந்த மோதிரத்துக்கு மாற்றாக அன்று செய்துகொடுத்ததில், அவசரத்தில் ஒரு இலை கூடிப்போயிருந்தது.

"போச்சு. அவர் பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாரே" என்று அந்த அம்மா அழாத குறை.