செவ்வாயும் வெள்ளியும்

"ரெண்டு மாசமா ஒரு மனுசன் வீடு வந்து சேர்ற நேரத்தக் கோடா போட்டிருக்க. நல்லாத்தான் இருக்கு. இதை யார் பார்க்கணும் பானு?" என்று கேட்டாள் பர்ஹத்.

"அவுகதான் மேடம். எங்க வீட்டுக்காரர்."

கூடமே சிரித்தது. விருதுநகரில் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. ஊர் ஊராகச் சேகரித்த தகவல்களைக் கண்ணுக்குப் புரிகிற படமாக வரைவது எப்படி என்று பாடம். பருப்பு மண்டி காதர் பாட்சாவின் மகள் பர்ஹத்தான் டீச்சர். மற்றவர்கள் குடிதண்ணீர், கழிப்பறை, பள்ளிக்கூட வருகை என்று வரைந்துகொண்டிருக்க, நாரணாபுரத்துக் களப்பணியாளர் பானுப்பிரியா மட்டும் புருஷனை வரைந்து வைத்திருந்தாள்.

"சித்திரையில பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில வெடிச்சதுல்ல மேடம், அன்னிக்கிருந்து எழுதுறேன். இவுக வேற கம்பெனி, ஆனா மருந்து கலக்குற ரூம்ல வேலை. வேன் ஆறு மணிக்கு இறக்கி விடும். வந்துட்டாகன்னா நேரத்தக் குறிச்சிட்டுத்தான் அடுப்பப் பத்த வைப்பேன். அவுகளுக்குத் தெரியாது. நோட்ட அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன்."

"வேலைய விடச் சொல்லலாமே?"

"சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கு. விட்டுர்றேன் விட்டுர்றேன்ம்பாக. தீபாவளி போயிருச்சு, பொங்கலும் போயிருச்சு. வாய்ச் சொல்லு ஏறாத மனுசனுக்குப் படமாச்சும் ஏறுதான்னு பார்ப்போம்."

சிரித்தவர்கள் தங்கள் படத்துக்குத் திரும்பிக்கொண்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்க்காத பொம்பளை யார் இருக்கிறாள்?

பர்ஹத் மூன்றாம் நாளைக்குத்தான் பரீட்சை வைத்திருந்தாள். யாருக்காகப் படம் வரைந்தார்களோ அந்த ஆளையே கூட்டிவந்து காட்ட வேண்டும். விளக்கம் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டால் பாஸ்.

இரண்டாம் நாள், "தேதிக்குக் கீழ கிழமையும் எழுதிப் பாரு" என்றாள் பர்ஹத். பானுவும் எழுதினாள். எழுதி முடித்ததும் கோட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

கோடு முதல் சில நாள் ஆறு மணியிலேயே படுத்துக் கிடந்தது. அப்புறம் அங்கங்கே எட்டு மணிக்கு எகிறி இறங்கியது. எகிறின நாளெல்லாம் ஒன்று செவ்வாய், இல்லாவிட்டால் வெள்ளி. ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. தினமும் தன் கையாலேயே எழுதினவளுக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது பாருங்கள்.

"செவ்வா வெள்ளின்னா கோயிலுக்குப் போறாரோ என்னமோ" என்றான் பக்கத்தில் இருந்த பாண்டிமுருகன்.

"அவுகளா? கோயில் வாசல்லயே செருப்புக்குக் காவல் நின்னுக்கிடுற ஆளு. ஓவர்டைம்னுதான் சொன்னாக."

"மருந்து ரூம்ல பொழுது சாய்ஞ்சப்புறம் ஏது பானு வேலை?" என்று பர்ஹத் மெதுவாகக் கேட்டாள்.

வீடு வீடாகப் போய் ஆயிரம் கேள்வி கேட்கிறவள், இந்த ஒரு கேள்வியைத் தன் வீட்டில் கேட்கவில்லை. நேற்று வரை பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

"கோடு எப்பன்னுதான் சொல்லும் பானு, ஏன்னு சொல்லாது. அதுக்கு ஆளத்தான் கேட்கணும்."

"கேட்டு, அவுக ஏதாச்சும் சொல்லிட்டாகன்னா?"

பர்ஹத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான் மணிகண்டராஜ். குளித்துத் தலை சீவி வந்திருந்தான். எவ்வளவு தேய்த்தும் போகாத அலுமினியப் பவுடர் மட்டும் நகக்கண்ணில் மினுங்கியது. சுவரில் மனைவியின் படம். மேலே 'நீங்க வீட்டுக்கு வந்த நேரம்' என்று எழுதியிருந்தாள்.

அவன் முதல் புள்ளியில் விரல் வைத்தான். "இது வெடிச்ச அன்னிக்கில்ல?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் போனான். முதல் உச்சியில் விரல் நின்றது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேசக்கூடாது என்கிற விதியெல்லாம் பானுவுக்கு மறந்துபோயிற்று. "செவ்வாயும் வெள்ளியும் எங்க போனீக?"

அவன் சட்டைப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். டிரைவிங் லைசென்ஸ்.

"திருத்தங்கல்ல டிரைவிங் கிளாஸ், வாரத்துல ரெண்டு நாளு. காலண்டர் பிரஸ்ல லோடு ஆட்டோ ஓட்டக் கூப்பிட்டிருக்காக. வர்ற ஒண்ணாந்தேதியிலிருந்து கம்பெனிப் பக்கமே போக மாட்டேன். எம்புட்டு வாட்டி விடுறேன்னு சொல்லி ஏமாத்தியிருக்கேன், இந்தத் தடவை வேலைய உறுதி பண்ணிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்."

பானுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நான் அம்புட்டு கத்தியும் ஏறல. இப்ப மட்டும் எப்படிப் புத்தி வந்துச்சாம்?"

மணிகண்டராஜ் விரலைப் பின்னால் நகர்த்தி, முதல் உச்சிக்கு முந்தின புள்ளியில் வைத்தான்.

"இந்தா, இந்த நாளுதான். காலையில தீப்பெட்டியத் தேடுனேன், அரிசி டப்பாவுக்குப் பின்னாடி உன் நோட்டு இருந்துச்சு. மறுநாளே போயி கிளாஸ்ல சேர்ந்துட்டேன்."