தங்கமான மனுஷன்

கைக்குட்டையை உருவப்போய் மாத்திரை டப்பாவையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுகிறான் வால்டர். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய கூட்டம் மொத்தமும் ரயில் பெட்டியின் தரையில், ஜன்னல் வெயிலுக்குள் உருண்டோடும் வெள்ளை மாத்திரைகளைத் துரத்துகிறது. குனிய முடியாத ஒரே ஆள் மாத்திரைக்குச் சொந்தக்காரன்தான். "பல்லு வலிக்கு," என்கிறான், கேட்காதவர்களிடமும். ஒரு மாதமாகத் தினமும் தன் சீட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு பெங்களூர் வரை நின்றே போகிறவனுக்குப் பெட்டியில் தங்கமான மனுஷன் என்று பெயர். ஆசனவாயோரம் பவுத்திரம் சீழ் கட்டி, அந்தத் தங்கத்தால் உட்கார முடியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. இன்று அந்த சீட்டில் இருக்கும் நர்ஸ் டீனா கடைசி மாத்திரையை உள்ளங்கையில் திருப்பிப் பார்க்கிறாள். "பல்லு வலிக்கு இன்னாத்துக்குண்ணா நின்னுகினே வர்றீங்க?" அவன் காது சிவக்கிறது. தண்டவாளச் சத்தத்துக்கு அடியில் குரலை இறக்குகிறான். "பவுத்திரம்மா. மாத்திரை இது மூணாவது கோர்ஸு. எந்த டாக்டரக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொல்றாங்க. கத்தி வெக்காம ஆறிடுமா?" டீனா மாத்திரையோடு விரல்களை மூடிக்கொள்கிறாள். "ஆறாதுண்ணா. மாத்திரை சீழ வத்த வெக்கும், அவ்ளோதான். உள்ள டன்னல் இருக்குது. தண்ணிய எறச்சா டன்னல் மூடிக்குமா? ஆபரேஷன்தான் பண்ணணும்."