ஸ்டூலில் உட்காரும் அண்ணன்

"தபால் அண்ணனைத் தூக்கிடலாம்" என்றார் ஸ்டார்.

ஸ்டார் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். மெத்தைக் கடை மாடியில் பயிற்சி செய்யும் அந்த ராக் குழுவில் அவர்தான் பாடகர், அவர்தான் முதல் கிட்டார். ராக்கோடு தாலாட்டையும் பேண்டு வாத்தியத்தையும் கலந்து அடிப்பார்கள். ஆரம்பத்தில் காதைப் பொத்திக்கொண்டவர்கள்கூட இப்போது சுற்றியுள்ள எட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். அடுத்த வாரம் பெரிய மைதானத்தில் கச்சேரி. ஸ்டாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தபால் அண்ணன் இரண்டாவது கிட்டார். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். வேலை முடிந்ததும் அதே சட்டையோடு வருவார், ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பார், போய்விடுவார். குதிக்க மாட்டார். தலைமுடியைச் சிலுப்ப மாட்டார், சிலுப்புவதற்குத் தலையில் முடியும் இல்லை.

அவர் வருவதற்குள் ஸ்டார் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார். மேடையில் அண்ணனைப் பார்த்தால் பென்ஷன் வாங்க வந்தவர் மாதிரி இருக்கிறதாம். எடுக்கிற போட்டோவை எல்லாம் அவர் ஒருத்தரே கெடுக்கிறாராம்.

"அவர் இல்லாம எப்படிண்ணா?" என்றாள், டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டாரின் தங்கை.

"அவர் வாசிக்கிறது யார் காதுல விழுது? கூட்டம் கைதட்டுறது என் விரலுக்கு."

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து, முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து கேட்பது அவர்கள் வழக்கம். கிட்டார் தனியாக வரும் இடத்தில் ஸ்டார் கண்ணை மூடித் தொடையில் தட்டுவார். என் கையைக் கேட்டீர்களா என்பார். அண்ணனும் தலையாட்டுவார்.

இன்றைக்கு ஸ்டார் சவுண்ட்காரரிடம் ஒரு உத்தரவு போட்டார். அண்ணனுடைய கிட்டார் ஒலி வரும் லைனை மூடிவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். பாட்டில் ஒரு குறையும் தெரியாது. அதையே போட்டுக்காட்டி அவரை வழியனுப்பிவிடலாம்.

"வேண்டாம் தம்பி" என்றார் சவுண்ட்காரர், இரண்டு தடவை.

"சொன்னதைச் செய்ங்கண்ணே."

அண்ணன் வந்தார். வாசித்தார்கள். ஸ்டார் சுவரில் சாத்திய மெத்தை சரியும் அளவுக்குக் குதித்தார். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு பதிவைப் போட்டார்கள். பாட்டு வந்தது, டிரம்ஸ் வந்தது. கிட்டார் மட்டும் வரவே இல்லை. கிட்டாரில் தாலாட்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் தங்கையின் டிரம்ஸ் தன்னந்தனியாக டொம் டொம்மென்று போய்க்கொண்டிருந்தது.

தொடைக்குப் போன ஸ்டாரின் கை பாதியில் நின்றது. தன் லைனில் ஏதோ கோளாறு என்றார்.

"கோளாறெல்லாம் இல்ல தம்பி. உங்க லைன் ரெண்டு வருஷமா மூடித்தான் இருக்கு. உங்க கிட்டார் உங்க காலடியில இருக்கிற ஸ்பீக்கர்ல மட்டும்தான் கேக்கும். ஜனங்க கேக்குறது, பதிவாகுறது எல்லாம் அண்ணன் வாசிக்கிறது."

எவன் மூடச் சொன்னது என்று எகிறினார் ஸ்டார்.

"அண்ணன்தான். காலேஜ் மேடையில நீங்க தடுமாறி, கூட்டமே சிரிச்சுதே, ஞாபகம் இருக்கா? இனி மேடையே ஏற மாட்டேன்னு அழுதீங்க. அன்னிக்கு வந்து சொன்னார். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னார்."

"அதை ஏன்பா இப்போ கிளறுறே" என்றபடி, அண்ணன் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டார் அண்ணன் அருகே போனார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று தங்கை காத்திருந்தாள். கண்கூடக் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஸ்டார் சவுண்ட்காரர் பக்கம் திரும்பினார்.

"சரி, அண்ணன் மைதானத்துக்கு வரட்டும். லைட் மட்டும் அவர் மேல விழாமப் பாத்துக்குங்க."