கழுத்து ஒத்திகை

தெருவில் அவருக்கு 'காலர்' என்றுதான் பெயர். சிக்னலில் நின்றிருந்த வாடகைக் காரைப் பின்னால் வந்தவன் இடித்தபோது, ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் அவர். காரின் பம்பர் அடுத்த வாரமே சரியாகிவிட்டது. அவர் கழுத்தில் ஏறிய பட்டை மட்டும் இரண்டு வருஷமாகியும் இறங்கவில்லை.

"எலும்பு முறியலை, ஒரு கீறல்கூட இல்லை. வெறும் சுளுக்குக்கா இந்த அலட்டல்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டரும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'நடிக்கிறார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நஷ்டஈடு அம்போ.

இப்போது மறுபடியும் ஒரு பரிசோதனை. விதியைப் பாருங்கள், அதே டாக்டர்!

மனைவியின் தம்பி நாடகக்காரன். சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு, டாக்டராகவே உட்கார்ந்துகொண்டான்.

"போன தடவை ஒத்திகை இல்லாமப் போய்க் கவுந்துட்டீங்க மாமா. இப்ப இடது பக்கம் பாருங்க."

அவர் திரும்பினார்.

"ஐயோ, பல்லைக் கடிக்காதீங்க! அந்த ஆள் உடனே கண்டுபிடிச்சிடுவார். முகம் இயல்பா இருக்கணும்."

மறுபடி திரும்பினார்.

"கண்ணுல தண்ணி வேற வருதே!" என்றாள் மனைவி.

"அதான் கெடுக்குதுக்கா. மட்டமான நடிகனுக்குத்தான் பொசுக்குன்னு கண்ணீர் வரும்."

"மாட்டிக்கிட்டா?" அவள் குரல் இறங்கியது. "பிள்ளைங்க படிப்பு, வீடு, எல்லாம் இதை நம்பித்தானே இருக்கு?"

"நீ வேற பயமுறுத்தாதே" என்றார் அவர். "இந்த வயசுல பொய் சொல்லப் பழகிட்டிருக்கேன்."

மச்சினன் விடவில்லை. மேலே, கீழே, இடது, வலது என்று ஆட்டி வைத்தான். சாயங்காலத்துக்குள் மாமா தேறிவிட்டார்.

மறுநாள் கிளினிக்கில், சாத்திய கதவுக்கு வெளியே மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

உள்ளே டாக்டர் இடது பார்க்கச் சொன்னார், வலது பார்க்கச் சொன்னார். சந்தேகம் தீராமல், இரண்டு கையாலும் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

"வலிக்குதா?"

"துளிகூட இல்லீங்க டாக்டர்."

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பார்த்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். என்கிட்டயேவா உங்க நடிப்பு?" என்றபடி, உடல் தகுதிச் சான்றிதழில் ஜம்மென்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புது டிரைவர், திங்கட்கிழமை காலை, பஸ் நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பினால் உயிர் போகும் என்பதால் பின்னால் பார்க்காமலேயே ரிவர்ஸ் எடுத்தார்.