ஏசி காட்ட வந்த அன்ரி

"தம்பி, உது ஏசியோ அடுப்போ? வட்டுக்கோட்டையிலையிருந்து வெந்துகொண்டு வாறன்."

காரைக் கராஜுக்குள் விட்டுவிட்டு இறங்கிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை. இன்னொரு நாளென்றால் மெக்கானிக் கொலின்ஸ், "கைவேலை முடியட்டும், பேப்பராலை விசிறிக்கொண்டு இருங்கோ" என்று எரிந்து விழுந்திருப்பான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவனுடைய கைராசி எவ்வளவு பிரபலமோ, அவ்வளவு பிரபலம் அவனுடைய கோபமும்.

இன்று அப்படி முடியாது. காலையில்தான் கல்யாணத் தரகர் சிமியோன் போனில் எச்சரித்திருந்தார்.

"றொசாந்தியின்ரை வீட்டுக்காரருக்கு உம்மிலை நல்ல விருப்பம். உம்மடை கோபத்துக்குத்தான் பயப்பிடினம். இண்டைக்கு அவையின்ரை ஆக்கள் ஆரோ உம்மை விசாரிக்க வருவினம். வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

கோயில் திருவிழாவில் றொசாந்தியைக் கண்ட நாளிலிருந்து கொலின்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காக வாயைப் பொத்துவதென்ன, ஊசி நூல் கொண்டு தைத்துக்கொள்ளவும் அவன் தயார். அவளுடைய வீடும் வட்டுக்கோட்டையில்தான்.

"இருங்கோ அன்ரி, உடனை பாக்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டான். மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பிவிட்டான்.

"காஸ் முடிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

கொலின்ஸ் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து ஏசிக் குழாயைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

"காஸ் இருக்கு அன்ரி. தொட்டுப் பாருங்கோ."

"என்ரை கை ஊத்தையாப் போகும். காஸ்தான் முடிஞ்சது."

நாக்கு நுனிவரை வந்த பதிலைக் கொலின்ஸ் விழுங்கினான். "ஏசி வேலை செய்யுது அன்ரி. ஹீற்றரும் சேர்ந்து ஓடுது. அதாலைதான் சூடு."

"இந்த வெயிலுக்கை ஹீற்றர் ஆருக்கு வேணும்? கழட்டி எறியும்."

"ஜப்பானிலையிருந்து வரேக்கையே பூட்டித்தான் வரும். அங்கை குளிர்தானே."

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டான். சூட்டையும் குளிரையும் மாற்றுகிற திருகியின் கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திருகினாலும் ஹீற்றர் மூடாததற்குக் காரணம் அதுதான். ஆனால் அதைப் பிடித்திருக்கும் கிளிப் உடையவுமில்லை, தேயவுமில்லை. யாரோ கையால் பக்குவமாக இழுத்துக் கழற்றியிருந்தார்கள்.

கொலின்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசாரிக்க வந்த ஆள் இவர்தான்.

கிளிப்பை மாட்டிவிட்டு, தேன் ஒழுகும் குரலில் "இப்ப பாருங்கோ அன்ரி" என்றான்.

"இடப்பக்கம் காத்துக் காணாது."

அதையும் பார்த்தான்.

"ஏதோ கிறீச்செண்டு சத்தம் கேக்குது."

இல்லாத சத்தத்தையும் தேடித் தேடிப் பார்த்தான்.

"இப்ப குளிர் கூடிப்போச்சு. முந்தி இருந்தமாதிரி ஆக்கேலாதோ?"

முந்தி என்ன, இழுத்துக் கழற்றிய மாதிரியா என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. திருகியை எப்படித் திருப்புவது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த சோடாவும் வாங்கி வந்து கொடுத்தான். சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்தது.

சோடாவைக் குடித்து முடித்த பெண்மணி போனை எடுத்துக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனார். இவனைப் பார்த்துப் பார்த்து ஏதோ கதைத்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. கொலின்ஸுக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. இனியும் எதற்கு ஒளித்து விளையாட வேண்டும் என்று துணிந்து கேட்டான்.

"அன்ரி, நீங்கள் றொசாந்தியின்ரை ஆக்கள்தானே?"

"கெட்டிக்காரன். நான் அவளின்ரை மாமி. தேப்பனின்ரை தங்கச்சி."

"அப்ப, வீட்டை என்ன சொன்னனீங்கள்?"

"பெடியன் சரியான கோபக்காரன், ஸ்பனராலை எறிய வந்தவன், இந்தச் சம்பந்தம் சரிவராது எண்டு அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

"நான் ஒரு சொல்லும் சொல்லேல்லையே அன்ரி?"

"அதுதானே தம்பி" என்றபடி அவர் காரில் ஏறி, ஏசியைத் தானே அளவாகத் திருகிக்கொண்டார். "இப்பிடி ஒரு பொறுமைசாலியை அண்ணற்றை பெட்டைக்கு விட்டுக்குடுக்க எனக்கென்ன விசரே? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்."