கட் சொல்லும் வாய்

மூழ்கும் காட்சி. கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும் நாயகனேதான் படத்தின் இயக்குநரும். “என் படத்துல கட் சொல்ற வாய் ஒண்ணுதான்!” என்று காலையில் முழங்கிய அந்த வாய், இப்போது தண்ணீருக்குள் திறந்திருக்கிறது. குமிழிகள் நின்றுவிட்டன. பச்சை விளக்கொளியில் தலைமுடி மட்டும் மெல்ல ஆடுகிறது, கண் இமைக்கவில்லை. “இருபது படத்துல இப்பதான்யா நடிக்கிறாரு” என்று உருகுகிறார் லைட்மேன். துணை இயக்குநர் மைக்கைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார். போன வாரம் வாய் தவறிக் கட் சொன்னவன் அன்றே மூட்டை கட்டினான். “அண்ணே, ஏதோ சரியில்லண்ணே” என்கிறாள் மேக்கப் பெண். துணை இயக்குநர் மைக்கை எடுத்து, “கட்! கட்!” என்று அலறுகிறார். ஒருவரும் அசையவில்லை. கேமரா ஓடுகிறது. “பதறாதீங்க” என்கிறார் கேமராமேன், கண்ணை எடுக்காமலே. “அவரு சொல்லட்டும்.”