குடும்பத்தில் யாருக்காவது…

'குடும்பத்தில் யாருக்காவது நரம்பு நோய் உண்டா?' என்ற ஆஸ்பத்திரிப் படிவக் கேள்விக்கு நேராக, பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கும்போதே, 'இல்லை' என்று எழுதினார் அப்பா.

அத்தை அவர் கூடப்பிறந்த தங்கை. இரண்டு காலிலும் பட்டை கட்டாமல் எழுந்து நிற்க முடியாது. சட்டைப் பொத்தானுக்கு விரல் வளையாது. தாத்தா வழியில் வந்த சொத்து. அப்பாவுக்கும் அதே வில்லாய் வளைந்த பாதம்தான், என்ன, கொஞ்சம் லேசு. அதனால்தான் வீட்டுக்குள்கூட சாக்ஸைக் கழற்ற மாட்டார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் எதற்கெடுத்தாலும் வாதாடி 'வக்கீல்' என்று பேர் வாங்கியவள்.

"அத்தை என்ன, கண்ணுக்குத் தெரியாத ஆளாப்பா?"

"மெதுவாப் பேசு. என் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கோம். கால் கதை எதுக்கு? நாளைக்கு உன்னைக் கட்டிக்க ஒருத்தன் வர வேண்டாமா?"

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அத்தை அவள் கையை அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் பலமே இல்லை. அதற்காகவே அவள் அடங்கிப்போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் மருந்து ஏற்ற வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு நர்ஸ் வந்து, தொங்கவிட்டிருந்த மருந்துப் பையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். மணி பதினொன்றாயிற்று. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்பா மகளைப் பிடித்துக்கொண்டார். அவள் போட்டுக்கொடுத்ததால்தான் இனி வைத்தியமே கிடையாது என்றார். குடும்ப மானத்தை வாங்கத்தான் படிக்க வைத்தேனா என்றார். நான் வாயே திறக்கவில்லை என்று அவள் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற பெண் பேசவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"அவளைத் திட்டாதே அண்ணா," என்றாள் அத்தை.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"பயப்படாதீங்க, வேற மருந்து வருது. முதல்ல போட இருந்ததை உங்க நரம்புக்குப் போட்டிருந்தா, கால் சுத்தமா விழுந்துபோயிருக்கலாம். நல்லவேளை, காலைல இந்த அம்மா என் அறைக்கு வந்தாங்க. பட்டையை அவிழ்க்கவே பத்து நிமிஷம். உதவிக்குப் போனா விடலை. பாதத்தைத் தூக்கி மேஜை ஓரத்துல வச்சு, 'எங்க அண்ணனுக்கும் இதே கால்தான், சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கார். எந்த மருந்து எந்த நரம்புல போய் உட்காருமோ, பார்த்துப் போடுங்க'ன்னாங்க."

திருடி அகப்பட்டவள் மாதிரி அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் பழைய படிவத்தை எடுத்தார்.

"இதைத் திருத்தணும். இப்ப சொல்லுங்க, குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

அப்பா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு டாக்டர். என் தங்கச்சிக்கு இருக்கு. அதனாலதான் நான் நடந்தே வீட்டுக்குப் போகப் போறேன்."